கதவு திறந்துதான் இருந்தது

திங்கட்கிழமை முதல் இந்த நாற்காலியில் உங்களில் ஒருவர் உட்காருவீர்கள். ஜன்னலோர இடம். திண்டிவனம் பேருந்து நிலையத்துச் சத்தம் முழுவதும் காதில் விழும். ஹெட்போனின் இடது பக்கம் சில நேரம் கேட்காது, ஒயரைக் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும். கடவுச்சொற்கள், மாத அறிக்கை அனுப்பும் முறை, யாருக்கு எதை மின்னஞ்சலில் அனுப்பக்கூடாது என்பதெல்லாம் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். அவற்றில் சேர்க்க முடியாத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள்தான் பணி அனுபவம் எழுதவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஒப்பந்தம் முடிந்து வேறு ஊருக்குப் போகிறவளும் எழுதலாம்.

நான் புள்ளியியல் படித்தவள். இந்த மகளிர் உதவி மையத்துக்கு வரும் அழைப்புகளை வகை பிரித்து, எங்கே எந்த மாதிரிப் புகார் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று விழுப்புரத்தில் இருக்கும் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி அனுப்புவது என் வேலை. என் பொறுப்பில் இருந்த பிரிவுக்குப் பெயர் 'தனிமனித சுதந்திரத்துக்கு எதிரான குற்றங்கள்'. ஆளைக் கடத்துவது, அடைத்து வைப்பது, வழிமறிப்பது, மிரட்டி வேலை வாங்குவது எல்லாம் இதற்குள் வரும். நம் எல்லைக்குள் கடற்கரைச் சாலை இருக்கிறது. கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் மரக்காணம் வரைக்கும் கடல் பக்கம் விடுதிகளாகத்தான் இருக்கும். ஆகையால் இந்தப் பிரிவு ஒருநாளும் காலியாக இருக்காது.

இத்தனை வருடம் வரைபடங்களைப் பார்த்ததில் நான் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று. முன்பு வந்த புகார்களில் பூட்டு இருந்தது. அறைக்குள் போட்டுப் பூட்டினார்கள், கதவைத் தட்டியும் திறக்கவில்லை என்று இருக்கும். இப்போது வருபவற்றில் பூட்டு அநேகமாக இல்லை. போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கிளம்பினால் திருட்டுப் பழி போடுவோம் என்று சொல்லி வைக்கிறார்கள். பூட்டை விட இது வசதி. போலீஸ் வந்தால் உடைத்துக் காட்ட எதுவும் இருக்காது.

இரண்டு. தொடர் விடுமுறை வந்து விடுதிகள் நிரம்பும்போது நம் வரைபடத்தில் கோடு கீழே இறங்கும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு அறிக்கை எழுதிவிடாதீர்கள். அந்த நாட்களில் யாருக்கும் லீவு கிடையாது, யாருக்கும் போன் கிடைக்காது. கூட்டம் கலைந்த பிறகு கோடு மேலே ஏறும். குற்றம் நடந்தது இறங்கின நாட்களில். நமக்குத் தெரிய வருவதுதான் ஏறின நாட்களில்.

மூன்று. பாதிக்கப்பட்டவரே நம்மை அழைப்பது அபூர்வம். அம்மா அழைப்பார், அண்ணன் அழைப்பார், பக்கத்துக் கடைக்காரர் அழைப்பார். அதனால் சம்பந்தப்பட்ட பெண்ணே பேசினால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்த லைனைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் மலரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயரை மாற்றியிருக்கிறேன்.

அது ஒரு சனிக்கிழமை காலை. வரிசையாக விடுமுறை வந்திருந்தது. சனிக்கிழமைகளில் ஆள் குறைவு என்பதால் நம் மையத்தில் யார் இருந்தாலும் ஹெட்போன் மாட்டவேண்டும், உங்களுக்கும் அப்படித்தான். எடுத்ததும் கனத்த ஒரு பெண்குரல் கேட்டது.

"லேடீஸ் ஹெல்ப்லைனா? நான் இங்க லாட்ஜுல தங்கியிருக்கற கஸ்டமருங்க. மெட்ராஸு, பெரம்பூரு. ரூம் கூட்ட வந்த பொண்ணு ஒரு போன் பண்ணிக்கட்டுமான்னு கேட்டுச்சு. மூஞ்சப் பாத்தா சரியில்ல. இந்தா, பேசும்மா. ஜல்தி."

அடுத்து வந்த குரல் மெதுவாக இருந்தது. பெயர் சொன்னாள். பனமலைப் பக்கத்துக் கிராமம். அம்மா அப்பா இரண்டு பேருக்கும் கூலி வேலை, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற காலத்தில் காட்டிலேயே இருப்பார்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு இந்த விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். விழுப்புரத்தில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை அசல் சான்றிதழோடு நேரில் போகவேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சான்றிதழ் மேனேஜரிடம். போனும் மேனேஜரிடம்.

நம் படிவத்தில் இருந்த வரிசைப்படி கேட்டேன்.

"பூட்டி வெச்சிருக்காங்களா மலர்?"

"இல்லீங்க்கா. கதவு தொறந்துதான் இருக்குது. கேட்டும் தொறந்துதான் இருக்குது."

"அடிக்கிறாங்களா?"

"இல்லக்கா."

"சம்பளம் தராம வெச்சிருக்காங்களா?"

"இல்லக்கா, அம்மா கணக்குல போட்டுடறாங்க."

மூன்றுக்கும் 'இல்லை' என்று அழுத்தினால் கணினி தானாகவே 'தொழிலாளர் புகார், வேலை நாளில் அனுப்பவும்' என்று காட்டும். காட்டியது. பழைய புகார்களைப் படித்துப் படித்து என்னிடம் ஒரு கேள்வி சேர்ந்திருந்தது, படிவத்தில் இல்லாதது. அதைக் கேட்டேன்.

"இப்ப நீ கெளம்பி வெளிய போனா என்ன ஆகும்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள்.

"முன்னாடி ஒரு பொண்ணு போச்சுக்கா. பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினு இருந்துச்சு. மேனேஜரு வண்டில போயி கூட்டியாந்தாரு. கஸ்டமரு செயினக் காணோம்னு சொல்லி எல்லாரு முன்னாடியும் அது பையக் கொட்டுனாரு. உள்ள செயினு இருந்துச்சு."

"அந்தப் பொண்ணு எடுத்ததா?"

"அது பைய முந்தின நாளு நான்தான்க்கா மடிச்சிக் குடுத்தேன். ரெண்டு துணி, ஒரு சீப்பு. அவ்ளோதான் இருந்துச்சு. அப்புறம் அந்தப் பொண்ணு போறேன்னு கேக்கவே இல்ல. இப்ப வேற எடத்துல இருக்கற லாட்ஜுக்கு மாத்திட்டாங்க."

இன்னொன்றும் சொன்னாள். சமையலறையில் சுமித்ரா என்று ஒடிசாவிலிருந்து வந்த பெண் இருக்கிறாள். அவளும் வர ஆசைப்படுகிறாள். "நான் மட்டும் போய்ட்டா அதத்தான் புடிச்சிக் கேப்பாங்க. அதுக்குத் தமிழும் முழுசா வராது."

மாவட்ட அலுவலகத்துக்கு இன்னொரு போனில் பேசினேன். "பூட்டலியேம்மா, திங்கக்கிழமை லேபர் ஆபீசுக்கு எழுதிக்கலாம்" என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. படிவம் சொன்னதையே சொன்னார்கள். நான் மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ.யை அழைத்தேன்.

என் வயதுதான் இருக்கும் அவருக்கு. சீருடையில் பார்த்தால் கண்டிப்பானவராகத் தெரிவார், வாயைத் திறந்தால் ஊர்க்காரி. முழுவதையும் கேட்டுவிட்டு, "ஜீப்ப எடுத்துக்கினு போனா என்ன ஆவும் தெரியுமா மேடம்? பொண்ணு உள்ள போயிடும், ஓனரு வெளிய வருவாரு. நமக்குப் பொண்ணு வெளிய வரணும்" என்றார். பெரம்பூர் அம்மாவின் போனிலேயே மலரோடு பேசினார். நானும் லைனில் இருந்தேன்.

"எத்தன மணிக்கு அங்க கூட்டம் ஜாஸ்தி?"

"மத்தியானம் சாப்பாட்டுக்குங்க. கீத்துக் கொட்டாயில எல்லாரும் ஒண்ணா சாப்புடுவாங்க."

"அப்ப வா. பின்பக்கமா இல்ல, அந்தக் கொட்டாய் நடுவுல பூந்து, முன் கேட்டு வழியா. பை எடுக்காத."

"துணி?"

"துணிய விடு."

"அம்மா வாங்கிக் குடுத்த பொடவ ஒண்ணு இருக்குதுங்க."

"அதயும் விடு. நான் எடுத்துத் தரேன். உங்கிட்ட பை இருந்தாதான அதுக்குள்ள செயினு வரும்? ரெண்டு கையையும் வீசிக்கினு வா. அத்தன கஸ்டமருக்கு முன்னாடி உன் மேல கை வைக்கமாட்டான். அவன் பொழப்பே அந்தக் கஸ்டமருங்கதான்."

அதுவரை விடுதிக்காரருக்குப் பலமாக இருந்த கூட்டத்தை அவர் ஒரு நிமிடத்தில் மலர் பக்கம் திருப்பிவிட்டார். நான் அந்தக் கடற்கரைச் சாலையின் கூட்டத்தை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அதைச் சாட்சியாக நினைத்துப் பார்த்ததில்லை.

பெரம்பூர் அம்மா குறுக்கிட்டார். "நாங்க ரூம் காலி பண்ற நேரம் ஆவுதுங்க. பரவால்ல, பாத்ரூம் சரியில்லன்னு பேஜாரு பண்ணிக்கினு இருக்கேன். திருப்பித் திருப்பி இந்தப் பொண்ணத்தான் அனுப்புவாங்க, போனும் பேசலாம்."

"உங்க வீட்டுக்காரரு எதுவும் சொல்லமாட்டாரா?" என்றார் எஸ்.ஐ.

"அவரு வீட்லயே வாயத் தொறக்கமாட்டாரு. இங்க வந்தா தொறக்கப்போறாரு?"

மலர் ஒன்று கேட்டாள். போனில் முதலில் பேசின அக்கா வரவேண்டும், போலீஸை அவளுக்குத் தெரியாது, என் குரல் தெரியும். அப்படித்தான் நானும் போனேன். எஸ்.ஐ. சுடிதாரில் வந்தார். வாடகைக்கு ஒரு டூரிஸ்ட் கார். ஜீப்பும் இரண்டு பெண் காவலர்களும் விடுதிக்குத் தள்ளியிருந்த பெட்ரோல் பங்கில் நிற்க ஏற்பாடு.

வழியெல்லாம் எஸ்.ஐ. மடியில் வேகவைத்த மல்லாட்டை. "டென்ஷன்னா எனக்கு வாய் சும்மா இருக்கக்கூடாது" என்று எனக்கும் நீட்டினார். மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளைக் குவியல்களாகக் கடந்து போயின. நான் மனதில் வரிசை போட்டுக்கொண்டிருந்தேன்: மலர் வந்தால், மலர் வராவிட்டால், ஒருத்தி மட்டும் வந்தால்.

"கடைசி நேரத்துல பயந்துட்டு வரலன்னா?" என்றேன்.

"வரலன்னா எளநி குடிச்சிட்டுத் திரும்பிடுவோம். இன்னொரு நாளு வருவோம். அவ வரமாட்டேன்னு நின்னா நாம இழுத்துக்கினு வர முடியுமா? அதுக்குப் பேரு என்ன மேடம், உங்க லிஸ்ட்டுலயே இருக்குமே?"

ஆள் கடத்தல். இருந்தது.

விடுதிக்கு எதிரில் இளநீர்க் கடை. அங்கே நின்றோம். கேட் உண்மையிலேயே அகலத் திறந்திருந்தது. உள்ளே கொட்டகையில் தட்டும் கையுமாக மக்கள், குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், மீன் வறுக்கும் வாசனை சாலை வரைக்கும் வந்தது. நடுவில் சிரித்த முகத்தோடு ஒவ்வொரு மேசையாக விசாரித்துக்கொண்டிருந்தவர்தான் மேனேஜர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

மலர் வந்தாள். நீலச் சீருடை, ரப்பர் செருப்பு. இரண்டு கைகளையும் பள்ளிக்கூட அணிவகுப்பில் போல வீசிக்கொண்டு கொட்டகைக்கு நடுவில் நடந்தாள். அந்த நடை கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. இரண்டு குழந்தைகள் அவளைப் பார்த்து அதே மாதிரி கை வீசின.

"மலரு, எங்கம்மா? மாடி ரூமு பாக்கி இருக்கே" என்றார் மேனேஜர், சிரிப்பு மாறாமல்.

"வூட்டுக்குப் போறேன்ங்க சார்." சாலையின் இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கே கேட்டது.

"சொல்லாம கொள்ளாமயா?"

"நேத்தும் சொன்னேன். முந்தாநாளும் சொன்னேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பருமனான ஒரு அம்மா கையில் தட்டோடு எழுந்து நின்றார். குரலை நான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐய, ஊருக்கா போற? என்னம்மா, வெறுங்கையோட போற! ஒரு பை கூடவா இல்ல? இங்க பாருங்க எல்லாரும், இந்தக் காலத்துப் பொண்ணுங்க ஒரு சீப்பு கூட எடுத்துக்கினு போவாதுங்க!"

எல்லாரும் பார்த்தார்கள். மலர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு நடந்தாள். மேனேஜர் ஒரு அடி எடுத்து வைத்தார், சுற்றிப் பார்த்தார், நின்றார். மலர் கேட்டைத் தாண்டினாள். சாலையைத் தாண்டினாள். என் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் கை வீசுவதை நிறுத்தினாள்.

சுமித்ரா பின்னாலேயே வரவேண்டும் என்று காலையில் போனில் பேசி வைத்திருந்தோம். வரவில்லை. மேனேஜர் வேகமாகச் சமையலறைப் பக்கம் போவது தெரிந்தது.

"ரெண்டு நிமிஷம் பாப்போம்" என்றார் எஸ்.ஐ.

"ரெண்டு நிமிஷத்துல பின்னாடி வண்டில ஏத்திடுவாங்கக்கா." மலர் திரும்பினாள். வந்த வழியே சாலையைக் கடக்கப் போனாள்.

நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். அப்போதுதான் வெளியே வந்திருக்கிறாள், திங்கட்கிழமை இருக்கிறது, அம்மா இருக்கிறார் என்று எல்லாம் ஒன்றாக என் வாய்க்கு வந்தது. எஸ்.ஐ. என்னைப் பார்த்தார்.

"விடுங்க மேடம். போவணும்கறா. போறவளப் புடிச்சி நிறுத்தத்தான் உள்ள ஒருத்தர் இருக்காரே."

விட்டேன். மலர் முன்னால், எஸ்.ஐ. அவளுக்கு ஓரடி பின்னால். போகும்போதே பங்கில் நின்ற ஜீப்புக்குச் சொல்லிவிட்டார். நானும் போனேன்.

சமையலறை வாசலில் மேனேஜர் இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். "உள்ள அடுப்பு எரியுது, கஸ்டமருங்க வரக்கூடாது" என்றார் எங்களிடம். மலர் அவர் தோளுக்கு மேல் உள்ளே பார்த்து ஒரு சொல் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்குப் புரியவில்லை. 'வா' என்று அர்த்தமாம், சுமித்ராவிடம் கற்றுக்கொண்டது. உள்ளேயிருந்து பதில் தமிழில் வந்தது.

"வரேன்க்கா."

சுமித்ரா வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். மேனேஜரின் கைகள் இறங்கவில்லை.

எஸ்.ஐ. அடையாள அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினார். "வரேன்னு சொல்லுது, கேட்டுச்சுங்களா? நீங்க வழிய மறிச்சிக்கினு நிக்கிறீங்க. கேட்டு தொறந்திருக்கு, கதவு தொறந்திருக்கு, எல்லாம் சரி. நான் இந்த ரெண்டு கையப் பாக்கத்தான் திண்டிவனத்துலேர்ந்து வந்தேன்."

கைகள் இறங்கின. கொட்டகையில் எல்லாரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவலர்கள் வந்தார்கள். சான்றிதழ்களும் போன்களும் அலுவலக அலமாரியிலிருந்து வந்தன. "பத்திரத்துக்குத்தான் மேடம் வாங்கி வெச்சோம்" என்றார் மேனேஜர். "நல்லது. இனிமே அதுங்களே பத்திரமா வெச்சிக்கும்" என்றார் எஸ்.ஐ. சொன்னபடியே அம்மா வாங்கிக் கொடுத்த புடவையை அவரே போய் எடுத்து, எல்லார் முன்னாலும் உதறிக் காட்டி மடித்து மலரிடம் கொடுத்தார். பெரம்பூர் அம்மா கைதட்டினார். அவர் கணவரும் தட்டினார் என்பதை நான் பதிவு செய்யவேண்டும்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்குப் பதிவானது, இன்னும் நடக்கிறது. பையில் செயின் கண்டெடுக்கப்பட்ட பெண்ணைத் தேடிப் பிடித்தோம், அவளும் வாக்குமூலம் கொடுத்தாள். சுமித்ரா ஊருக்குப் போனாள். மலர் திங்கட்கிழமை விழுப்புரத்தில் வரிசையில் முதல் ஆளாக நின்றாள் என்று அவள் அம்மா சொன்னார். இடம் கிடைத்தது.

இனி அந்த நான்காவது. எனக்கு அந்த எஸ்.ஐ. மேல் பெரிய மதிப்பு, பெரம்பூர் அம்மா மேலும்தான். ஆனால் வெளியே வந்தபின் திரும்பி உள்ளே போனாளே, அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் நான் நிமிர்ந்து உட்காருகிறேன். நாம் யாரையும் மீட்பதில்லை. அவர்கள் கிளம்புகிறார்கள், நாம் வழியில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம். அதனால் 'கிளம்பினால் என்ன ஆகும்' என்ற கேள்வியைப் படிவத்தின் முதல் வரியில் சேர்த்திருக்கிறேன். ஆம், இல்லை என்று பதில் வராததால் அதை வரைபடத்தில் போட முடியவில்லை, எடுத்துவிடுங்கள் என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். எடுக்காதீர்கள். பதில் வரும்வரை பேசாமல் காத்திருக்கவும் வேண்டும். அந்த அமைதி நீளமாகத்தான் இருக்கும்.

அன்று திரும்பும்போது நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். காரில் ஏறினதும் எஸ்.ஐ. கேட்டார், "நேரா ஊருக்குத்தான?"

மலர் சுமித்ராவைப் பார்த்தாள். "கடலாண்ட போவலாமாக்கா?"

"இத்தன நாளு அங்கதான இருந்த? பாக்காத கடலா?"

"ஜன்னல்லேர்ந்து பாத்துருக்கேன். கஸ்டமருங்க கால்ல ஒட்டிக்கினு வர்ற மணலத் தெனமும் கூட்டுவேன். நாங்க மணல்ல எறங்கக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

எஸ்.ஐ. கொஞ்ச தூரம் தாண்டி மீனவர்கள் படகு இறக்கும் ஒரு வழியில் காரைத் திருப்பச் சொன்னார். இரண்டு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மலர் முழங்கால் நனைய நின்றாள். சுமித்ரா அலை வரும்போதெல்லாம் கத்திக்கொண்டு பின்னால் ஓடி, அலை போனதும் முன்னால் ஓடினாள். நாங்கள் காரில் சாய்ந்து மிச்சமிருந்த மல்லாட்டையைத் தின்றோம்.

திரும்பி வந்து ஏறினதும் டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "அம்மா, வண்டில மணலு..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் மலர் குனிந்துவிட்டாள். வெறுங்கையால் மிதியடியைக் கூட்டத் தொடங்கினாள். எஸ்.ஐ. அவள் தோளில் தட்டினார்.

"ஒக்காரு. அது இருக்கட்டும்."

மலர் கைகளை உதறிவிட்டு நிமிர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மணல் எங்களோடு திண்டிவனம் வரைக்கும் வந்தது.